பாரிசுக்கு ஒரு நீண்ட பகல்

மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே, கிழக்கில் வங்காள விரிகுடாவும் மேற்கில் வாவியும் இருக்க, இடையே கிடக்கும் ஒடுங்கிய மணல் நிலத்தில் அமைந்த ஊர் செட்டிபாளையம். அங்கே பாரிஸ் என்னும் பெயரைக் கேட்டதும் ஈபிள் கோபுரத்தை நினைப்பவர்கள் மாணவர்கள் மட்டுமே. முதியவர்களுக்கு அது பிள்ளைகள் இருக்கும் ஊர். ஆகவே காணாமலே நேசிக்கப்படும் ஊர்.

2023 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் என் தமக்கையாரை அழைத்துக்கொண்டு அந்நகருக்குச் சென்றேன். அவருக்கு வயது எழுபத்தாறு. மகனை அவர் கடைசியாக நேரிற் கண்டது 2003 இல், போர் ஓய்ந்திருந்த இடைக்காலத்தில். பேரனைக் கைத்தொலைபேசித் திரையிலன்றி ஒருபோதும் கண்டதில்லை. வறுத்த அரிசிமா, இடித்த மிளகாய்த்தூள், முந்திரியம்பருப்பு ஆகியவற்றைப் பொதி செய்வதிலேயே அவருக்கு ஒரு வாரம் கழிந்தது.

கட்டுநாயக்க விமான நிலையம் தீவின் மறுகரையில் உள்ளது. முதல்நாளிரவு ஒன்பது மணிக்கு வாடகை வண்டியிற் புறப்பட்டோம். கல்லடியில் 1924 ஆம் ஆண்டின் பழைய இரும்புப் பாலம் இருளில் ஒதுங்கி நிற்க, 2013 இல் திறக்கப்பட்ட புதிய பாலத்தின் வழியே வாவியைக் கடந்தோம். நிலாக்கால இரவுகளில் பாடும் மீன்களின் ஒலி கேட்கும் என்று புகழ்பெற்ற இடம் இதுவே. பின்னர் வாழைச்சேனை, பொலன்னறுவை, ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் எனத் தீவைக் குறுக்கே கடந்து விடியற்காலையில் நிலையத்தை அடைந்தோம்.

காலை பத்து மணிக்கு விமானம் எழுந்தது. டோஹாவில் இறங்கி வேறு விமானம் ஏறினோம். துருக்கி நாட்டு மலைகளுக்கு மேலே பறந்துகொண்டிருந்தபோது, சாளரத்தருகே இருந்த தமக்கையார் என் பக்கம் திரும்பினார்.

“என்ன தம்பி, இன்னும் பொழுது பட இல்லையே? ஊரில விளக்கு வச்சு எவ்வளவு நேரமாயிருக்கும்!”

பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. நம் ஊருக்கும் பாரிசுக்கும் இடையே நெடுங்கோட்டு வேறுபாடு ஏறத்தாழ 79 பாகை. ஆதலால் அங்கே சூரியன் உச்சிக்கு வருவது நமக்கு ஐந்து மணி நேரத்துக்கும் மேலாகப் பிந்தியே. ஆனால் பிரான்சு தேசத்துக் கடிகாரம் கிரீன்விச் நேரத்துக்கு ஒரு மணி முந்தியது; கோடையில் இன்னுமொரு மணி முந்தும். ஆகையால் அக்காலத்தில் நம் கடிகாரத்துக்கும் அவர்களுடையதற்கும் வேறுபாடு மூன்றரை மணிதான். மேற்கே செல்பவருக்கு அந்த நாள் 27½ மணி நேரம் கொண்டதாகிறது.

இதனைக் கேட்ட தமக்கையார் சிறிது நேரம் மௌனமாயிருந்தார். பின், “அவன் எட்டு மாசமா வந்த வழியை நான் ஒரு பகலுக்குள்ள வாறன்” என்றார்.

அவர் மகன் 1990 இல், பத்தொன்பது வயதில் ஊரை விட்டவன். மொஸ்கோ வரை விமானம். அதன்பின் அறியாத எல்லைகளைக் கால்நடையாகவும் சரக்கு வண்டிகளிலும் கடந்தான். அவனுக்கு முன்னர், 1980களில், கிழக்கு பெர்லின் வழியாக மேற்கு ஐரோப்பாவை அடைந்த தமிழ் இளைஞர் பலர். அவர்களுக்கு விமானச்சீட்டு பாதி வழிக்குத்தான் உதவிற்று.

இரவு எட்டரை மணிக்கு, 1974 இல் திறக்கப்பட்ட சார்ள் டி கோல் விமான நிலையத்தில் இறங்கினோம். மேற்கு வானம் இன்னும் சிவந்திருந்தது, ஊரிலோ நள்ளிரவு. வெளியே நின்ற மகனின் தலை நரைத்திருந்தது. தமக்கையார் அந்தத் தலையையே தடவிக்கொண்டு நின்றார். பதின்மூன்று வயதுப் பேரன் “அப்பம்மா” என்று தெளிவாக அழைத்தான். அதற்கு மேல் பேச அவனிடம் தமிழ் இல்லை. அவரிடம் பிரெஞ்சு இல்லை. அவர் பையைத் திறந்து முந்திரியம்பருப்பை அள்ளி அவன் கையில் வைத்தார்.

மறுநாள் லாசப்பல் பகுதிக்குச் சென்றோம். வடக்குப் புகையிரத நிலையத்துக்கு அண்மையிலுள்ள அவ்வீதிகளிற் கடைப்பலகைகள் தமிழில் உள்ளன. 1985 இல் நிறுவப்பட்ட மாணிக்க விநாயகர் ஆலயமும் அங்கேதான். ஆண்டுதோறும் கோடை இறுதியில் அதன் தேர் தெருவலம் வரும்போது, வீதியெங்கும் குவித்த தேங்காய்களை உடைப்பதைப் பிரெஞ்சு மக்களும் கூடி நின்று காண்பர்.

குறுகியகால விசா 90 நாட்களுக்கு மேற்படாது. தமக்கையார் நாட்காட்டியில் அவற்றை எண்ணிக் குறித்துக்கொண்டார். தேவாரம் பாடி முடித்த ஒவ்வொரு மாலையும் பேரனை அருகே இருத்தி எழுத்துக் கற்பிக்கத் தொடங்கினார். ஒரு மாதங் கழித்து நான் தனியே ஊர் திரும்பிய அன்று, அவன் ஒரு தாளை என்னிடம் நீட்டினான். அதில் ‘செட்டிபாளையம்’ என்று எழுதி, ளகரத்தை இருமுறை திருத்தியிருந்தான்.