மேல்தளத்தார் தந்த அழகிய கடன்

லண்டனில் நாங்கள் வாழும் கட்டடத்தில் 8 வீடுகள். அனைவரும் நீண்டகாலக் குத்தகைதாரர்கள். நிலமும் கட்டடமும் வேறொருவருக்குரியவை. 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதி வீட்டாரேனும் ஒன்றுசேர்ந்தால் அவ்வுரிமையை விலைகொடுத்து வாங்கலாம். மூவர் இசைந்தனர். நான்காமவராகிய எங்களிடம் பங்குத்தொகை முழுமையாக இல்லை, வங்கியிலோ வட்டி. "இயலாது" என்றோம். மற்ற மூவரின் முயற்சியும் எங்களால் நின்றது, அன்றிரவு உறக்கமில்லை.

மறுநாள் மேல்தளத்துக் கிறித்தவ மூதாட்டி வந்தார். குறையும் தொகையைத் தாம் தருவதாகவும், வட்டி வேண்டா, இயன்றபோது திருப்பினால் போதும் என்றும் கூறினார். மத்ரஸாவில் ஆண்டுதோறும் 'அழகிய கடன்' பாடம் நடத்துகிறோம், ஒருவருக்கும் கொடுத்ததில்லை.

அல்பகரா 282ஆம் வசனம் பணித்தவாறு கடனை எழுதி, சாட்சிகளையும் அமர்த்தினோம். "எதற்கு இவ்வளவு?" என்று சிரித்தார். அல்ஹம்துலில்லாஹ், இன்னும் 11 தவணைகளே உள்ளன.