முள்ளுக்கு வெளியே ஓர் இரை

தூண்டில் போடுவது என்றால் முள்ளில் புழுவைக் கோத்து நீரில் எறிவது என்றே பலரும் நினைப்பர். ஆனால், கெண்டை மீன் அவ்வளவு எளிதில் அகப்படாது. அதற்கென்றே தனியாகத் தூண்டில் கட்டும் முறைகள் உள்ளன. நாற்பது வயதைக் கடந்த பிறகே நான் அவற்றைக் கற்கத் தொடங்கினேன்.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் குடியிருப்பில் வசிக்கும் ஓய்வுபெற்ற மின்பணியாளர். அவரை ‘அண்ணன்’ என்றே அழைப்பேன். கட்டண மீன்பிடிக் குளத்திற்குச் சென்ற முதல் நாள், அவர் என் கையில் கோலைக் கொடுக்கவில்லை. கரையோரத்துத் தெளிந்த நீரில் சில சோளமணிகளைத் தூவினார். “தம்பி, முதலில் மீன் எப்படிச் சாப்பிடுகிறது என்று பாருங்கள். முடிச்சைப் பிறகு பார்க்கலாம்,” என்றார்.

கெண்டை பெரும்பாலும் குளத்தின் அடித்தரையில் இரை தேடும். அதன் வாயோரத்தில் இரண்டு இணை மீசைகள் உண்டு. அவற்றால் தரையைத் தடவி உணவை அறியும். அதன் தாடையில் பற்கள் இல்லை, தொண்டையில்தான் இருக்கின்றன. ஆகவே, அது இரையைக் கடிப்பதில்லை. நீரோடு சேர்த்து உறிஞ்சுகிறது. பிடிக்காத பொருள் வாய்க்குள் வந்தால் உடனே வெளியே ஊதிவிடும். இரைக்குள் மறைந்திருக்கும் முள்ளும் இப்படித்தான் பல வேளைகளில் வெளியே வந்துவிடுகிறது.

இந்தச் சிக்கலுக்கு இங்கிலாந்தில் விடை கிடைத்தது. அங்குக் கெண்டை பிடிப்பது நெடுங்காலப் பொழுதுபோக்கு. 1952ஆம் ஆண்டு ரிச்சர்ட் வாக்கர் என்பவர் ரெட்மயர் குளத்தில் ஏறத்தாழ 20 கிலோகிராம் எடையுள்ள கெண்டையைப் பிடித்தார். அந்த மீன் இலண்டன் விலங்கியல் தோட்டத்தில் பல ஆண்டுகள் வாழ்ந்தது. பின்னர், 1970களின் இறுதியில் லென் மிடில்டன், கெவின் மேடக்ஸ் ஆகிய இருவரும் ‘ஹேர் ரிக்’ எனும் முடிக்கட்டை உருவாக்கினர். அதில் இரையை முள்ளில் கோப்பதில்லை. முள்ளுக்கு வெளியே மெல்லிய இழையில் தொங்கவிடுகிறார்கள். முதலில் அந்த இழைக்கு மனிதத் தலைமுடியையே பயன்படுத்தியதால் இப்பெயர் வந்தது.

அண்ணன் அதை மேசைமீது கட்டிக் காட்டினார். நரம்பின் முனையில் சிறு கண்ணியிட்டு, அதில் இரண்டு சோளமணிகளைக் கோத்தார். நரம்பை முள்ளின் துளை வழியாக விட்டு, தண்டைச் சுற்றி ஏழெட்டு முறை இறுகச் சுற்றினார். பிறகு, மறுமுனையை மீண்டும் அதே துளைக்குள் செருகி இழுத்தார். கட்டு முடிந்தது.

மீன் சோளத்தை உறிஞ்சும்போது முள்ளும் பின்தொடர்ந்து உள்ளே செல்கிறது. சந்தேகப்பட்டு ஊதும்போது, முள்ளின் நுனி கீழுதட்டில் குத்துகிறது. முள்ளுக்கும் ஈயத்திற்கும் இடையே ஒரு சாண் நரம்புதான் இருக்கும். ஈயமோ 60 முதல் 110 கிராம் வரை எடையுள்ளது. மிரண்ட மீன் பாய்ந்தோடும்போது அந்த எடையே முள்ளை நன்றாகப் பதிய வைக்கிறது.

அந்த ஈயத்தைக் காட்டி அண்ணன் ஒரு கேள்வி கேட்டார்: “நரம்பு அறுந்துவிட்டால் மீனுக்கு என்ன ஆகும்?”

ஈயத்தை நரம்போடு இறுக முடிச்சிட்டிருந்தால், மீன் அதை இழுத்துக்கொண்டே அலையும். வேரிலோ மரக்கிளையிலோ ஈயம் சிக்கினால், மீன் அங்கேயே கட்டுண்டு கிடந்து இறந்துபோகும். யாருக்கும் பயன்படாத சாவு அது. இதைத் தவிர்க்கவே ஈயத்தைக் கிளிப்பில் மாட்டுகிறார்கள். எங்கேனும் சிக்கினால் ஈயம் தானாகக் கழன்று விழுந்துவிடும்.

சில வாரங்களுக்குப் பிறகு, என் தூண்டிலில் அகப்பட்ட கெண்டை நீரில் மூழ்கிய மரத்தை நோக்கி ஓடியது. நரம்பு நகரவில்லை. கோலைப் பிடித்தபடி காத்திருந்தேன். திடீரென இழுப்பு மாறியது; மீன் மெல்லக் கரைக்கு வந்தது. கிளிப்பில் ஈயம் இல்லை. கையை நனைத்துக்கொண்டு, ஈரமான பாயில் மீனைக் கிடத்தினேன். உலர்ந்த கை பட்டால் அதன் உடலைக் காக்கும் வழுவழுப்பான படலம் சிதைந்துவிடும். எதிர்முள் இல்லாத தூண்டில் முள் என்பதால் எளிதில் கழன்றது. நீரில் விட்டதும் மீன் சேற்றைக் கிளப்பிவிட்டு மறைந்தது.

பிடிப்பதற்கான அறிவும் விடுவதற்கான அறிவும் ஒரே கட்டுக்குள் இருப்பதை அன்று கண்டேன். அதனால், தூண்டிலை எறியும் முன் ஈயத்தை ஒருமுறை இழுத்துப் பார்க்கிறேன். அது கையோடு கழன்று வந்தால்தான் என் தூண்டில் நீருக்குள் செல்லும்.