ஒரே ஒயர்

கொஞ்சம் நீளமான பதிவு. கார் வைத்திருப்பவர்கள் பொறுமையாகக் கடைசிவரை படியுங்கள்.

போன மாதம் பூப்பாறையில் ஒரு விசேஷம். முடித்துவிட்டு விடியற்காலையிலேயே கிளம்பி, போடிமெட்டு வழியாக இறங்கிக்கொண்டிருந்தோம். பின்சீட்டில் பேத்தி தூங்குகிறாள். காரில் நம்ம பண்ணைப்புரத்து ராஜா பாட்டு. "ஏங்க, சத்தத்தைக் கொஞ்சம் குறைங்க, பிள்ளை முழிச்சிருவா" என்றார் வீட்டம்மா.

முன்பென்றால் ஸ்டீயரிங்கில் இருக்கும் பட்டனைக் கட்டைவிரலால் அமுக்கினால் போதும். பழைய செட் கெட்டுப்போய், மகன் வாங்கிக் கொடுத்த ஆண்ட்ராய்டு செட்டை மாட்டிய நாளிலிருந்து அந்தப் பட்டன்கள் வேலை செய்யவில்லை. மாட்டியவர், "அது இதோட சேராது சார்" என்று சொல்லிவிட்டார். நானும் விட்டுவிட்டேன்.

அதனால் திரையில் சத்தம் குறைக்கும் இடத்தைத் தேடினேன். நிமிர்ந்தால் வளைவில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஏறும் ஜீப்! நான் ஒடித்தேன், அவர் பிரேக் போட்டார். ஒரு முழ இடைவெளி. மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதலில் வழி விடவேண்டும். தப்பு முழுக்க என்னுடையது. "பெரியவரே, ரோட்டைப் பாத்து ஓட்டுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார் டிரைவர். உள்ளே இருந்த பெண்களின் முகம் இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 30 கிலோமீட்டர் வேகம் என்றால் வினாடிக்கு 8 மீட்டருக்கு மேல். 2 வினாடி திரையைப் பார்த்தால் 16 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். 17 கொண்டை ஊசி வளைவு உள்ள பாதையில்!

மறுநாள் போடியில் கார் ஒயரிங் வேலை செய்யும் என் பழைய மாணவனிடம் போனேன். பெயரைப் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். "சார், நீங்க உக்காருங்க" என்றான். நான் உட்காரவில்லை. பக்கத்திலேயே நின்று பார்த்தேன்.

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றினான். பிறகு செட்டை வெளியே இழுத்தான். ஸ்டீயரிங் வீலைத் தொடவே இல்லை. அங்கே ஏர்பேக் இருக்கிறது. பட்டன் ஒயர்கள் உள்ளே சுருளாகச் சுற்றிய ஒரு பட்டைக் கேபிள் வழியாக இறங்கி, எங்கள் காரில் செட்டின் பின்னால் உள்ள பிளக்குக்கே வந்துவிடுகின்றன. அதனால் வீலைப் பிரிக்க வேண்டிய அவசியமில்லை.

மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, ஒரு ஒயரையும் எர்த்தையும் தொட்டுக்கொண்டு, "சார், பட்டனை ஒண்ணொண்ணா அமுக்குங்க" என்றான். ஒரு பட்டனுக்கு நூறு சொச்சம், அடுத்ததற்கு முந்நூறு, இன்னொன்றுக்கு ஆயிரத்துக்கு மேல். பட்டன்களுக்குப் பின்னால் மின்தடைகள் மாடிப்படி மாதிரி வரிசையாக இருக்கின்றன. எந்தப் படியில் கால் வைக்கிறோமோ அந்த அளவு தடை. செட் சிறிய மின்னழுத்தம் ஒன்றை அந்த ஒயரில் கொடுத்து வைத்திருக்கிறது. தடைக்கு ஏற்ப அழுத்தம் மாறும். அதை அளந்து எந்தப் பட்டன் என்று தெரிந்துகொள்கிறது. அவ்வளவுதான், ஓம் விதி.

புது செட்டில் 'கீ 1', 'கீ 2' என்று இரண்டு ஒயர்கள் சும்மா தொங்கிக்கொண்டிருந்தன. பட்டன் ஒயரைக் 'கீ 1'இலும் அதன் எர்த்தைச் செட்டின் எர்த்திலும் பற்றவைத்து, சுருங்கும் ஸ்லீவ் போட்டான். வெறும் டேப் வெயிலில் பிசின் இளகிக் கழன்றுவிடுமாம். பேட்டரியை மாட்டிவிட்டு, செட்டிங்கில் ஸ்டீயரிங் பகுதிக்குப் போய், திரையில் 'சத்தம் கூட்டு' என்பதைத் தொட்டு, ஸ்டீயரிங் பட்டனை அமுக்கிப் பிடித்துப் பதிவு செய்தான். இப்படியே ஒவ்வொரு பட்டனும். ஒரு மணி நேரத்தில் முடிந்தது.

எல்லாக் காருக்கும் இது பொருந்தாது. சில கார்களில் பட்டன் சேதி கம்ப்யூட்டர் மொழியில் வரும். அதற்கு இடையில் ஒரு தனிப் பெட்டி வேண்டும். தெரிந்தவரிடம் கொடுங்கள், சேராது என்று சொன்னால் இன்னொருவரையும் கேளுங்கள்.

இனி என் மனதை அறுத்த விஷயம். இவன் வகுப்பில் ஒருநாள் எழுந்து, "சார், ஒரே ஒயர்ல ரெண்டு மூணு சேதி அனுப்ப முடியுமா?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாத்தியாருக்குக் கூச்சம். "பாடத்துல இல்லாததைக் கேக்காத, உக்காரு" என்றேன். அதன்பிறகு அவன் கேள்வி கேட்டதாக நினைவில்லை.

அன்று கடையில் அதைச் சொன்னேன். சிரித்தான். "எனக்கு ஞாபகமே இல்ல சார்" என்றான். நிஜமாகவே மறந்தானோ, எனக்காகச் சொன்னானோ தெரியாது. கூலி வாங்க மறுத்தான். கட்டாயப்படுத்திச் சட்டைப் பையில் வைத்துவிட்டு வந்தேன்.

என்னிடம் படித்தவர்களில் இப்படி நான் உட்கார வைத்தவர்கள் இன்னும் இருப்பீர்கள். அந்தக் கேள்வி நினைவிருந்தால் கீழே எழுதுங்கள். தெரிந்தால் சொல்கிறேன். தெரியாவிட்டால், தெரியாது என்று இப்போதாவது சொல்கிறேன்.

மலையில் ஓட்டும்போது கண் ரோட்டில் இருக்கட்டும்.