நாலு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் வயர் எடுக்கலாமா?

‘கோல்ஃப் மைதானத்தில் ஓடிய பழைய பேட்டரி வண்டி ஒன்றை வாங்கியிருக்கிறேன். தோட்டத்திலிருந்து ரோடு வரை காய்கறி மூட்டைகளை ஏற்றிவர நன்றாகப் பயன்படுகிறது. அதில் முன்விளக்கு, ஹாரன், மருந்து தெளிக்கச் சிறிய பம்ப் மூன்றையும் பொருத்த வேண்டும். எல்லாமே 12 வோல்ட்டில் ஓடுபவை. வண்டியில் நாலு 12 வோல்ட் பேட்டரி இருக்கிறது. அதில் ஒன்றிலிருந்து வயர் எடுத்துக்கொண்டால் போதும் என்கிறார் எலக்ட்ரீஷியன். செய்யலாமா?’

கேள்வி பதில் பகுதிக்கு வந்த கடிதம் இது. மாவுப்பூச்சி, துத்தநாகக் குறைபாடு என்று கேட்பவர்களுக்கு நடுவில் இப்படி ஒரு கேள்வி. செய்யாதீர்கள் என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டிருக்கலாம். ஆனால், இதே வேலையால் என் சித்தி மகன் பட்ட பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது திருவொற்றியூர். சித்தி மகனுக்கு மீஞ்சூர் பக்கம் ஒன்றேகால் ஏக்கர். சிறுகீரை, அரைக்கீரை, முள்ளங்கி. கீரைக்காரர்களின் நேரம் உங்களுக்குத் தெரியும். ராத்திரி 2 மணிக்கு எழுந்து பறித்துக் கட்டி, விடிவதற்குள் ரோட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தால்தான் திருவொற்றியூர், ராயபுரம் கடைகளுக்குப் போகும் லோடு ஆட்டோவில் ஏற்ற முடியும். வயலிலிருந்து ரோடு அரை கிலோமீட்டர். அவனும் அவன் மனைவியும் தலைச்சுமையாகவே சுமந்தார்கள். அவளுக்குக் கழுத்து வலி வந்த பிறகுதான் பழைய கோல்ஃப் வண்டி ஒன்றை வாங்கி, பின் சீட்டைக் கழற்றிவிட்டுப் பலகைப் பெட்டி அடித்தான்.

இருட்டில் ஓட்ட வேண்டுமே என்று 55 வாட் ஹாலோஜன் விளக்கு இரண்டு மாட்டினான். மாட்டிக்கொடுத்தவர், கைக்கு எட்டிய முதல் பேட்டரியிலிருந்து இரண்டு வயர் எடுத்து நேராக விளக்குக்குக் கொடுத்துவிட்டார். பளிச்சென்று எரிந்தது. ஆறேழு மாதம் ஒரு குறையும் இல்லை. அப்புறம்தான், “அக்கா, ரெண்டு நடைக்கு மேல வண்டி படுத்துக்குது” என்று போன் வந்தது. அந்த ஒரு பேட்டரியை மட்டும் மாற்றினான். மூன்றே மாதத்தில் புதியதும் படுத்தது. நாலையும் மாற்ற வேண்டும், 46,000 ரூபாய் ஆகும் என்றார்கள் கடையில். மானியம் ஏதாவது உண்டா என்று என்னிடம் கேட்டான். அவன் மனைவி மறுபடி சும்மாட்டை எடுத்து வைத்துவிட்டாள்.

வடசென்னையில் இதற்கெல்லாம் ஆளுக்குப் பஞ்சமில்லை. எண்ணூரில் 1948-ல் அசோக் மோட்டார்ஸ் தொடங்கி லாரி கம்பெனியானது. திருவொற்றியூரில் என்ஃபீல்டு வந்தது. இவற்றிலும் இவற்றைச் சுற்றி முளைத்த பட்டறைகளிலும் கை பழகியவர்கள் தெருவுக்கு ஒருவராவது இருப்பார்கள். எங்கள் குடும்பத்துக்குப் பழக்கமான ஒரு பாய் ராயபுரத்தில் இருக்கிறார். காசிமேட்டு விசைப்படகுகளுக்கு வயரிங் செய்து முப்பது வருடம் ஓட்டியவர். அவரைக் கூட்டிக்கொண்டு போனேன்.

பாய் முதலில் எதையும் கழற்றவில்லை. ராத்திரி முழுக்கச் சார்ஜ் ஏறி, சில மணி நேரம் சும்மா நின்ற வண்டியில் நாலு பேட்டரியையும் தனித்தனியாக மல்டிமீட்டரில் பார்த்தார். மூன்று 12.6 காட்டின. விளக்குக்கு வயர் எடுத்தது மட்டும் 11.7. மொத்தமாகப் பார்த்தால் 49.5 வோல்ட். வண்டியின் முள், பாதிக்கு மேல் சார்ஜ் இருப்பதாகத்தான் காட்டும். 12 வோல்ட் பேட்டரி ஓய்வில் 11.7 காட்டினால் அநேகமாகக் காலி என்று அர்த்தம்.

“பகல்ல நாலு மாடும் ஒண்ணா ஏர் இழுக்குது. ராத்திரி அதுல ஒண்ண மட்டும் அவுத்துச் செக்குல கட்டிட்டு, காலைல நாலுக்கும் ஒரே அளவு தீவனம் வெச்சா இன்னாம்மா ஆவும்?” என்றார்.

கணக்கும் அதுதான். இரண்டு விளக்கும் சேர்ந்து 110 வாட். 12 வோல்ட்டில் 9 ஆம்பியருக்குக் கொஞ்சம் மேலே. மூன்று மணி நேரம் எரிந்தால் ஒரே பேட்டரியிலிருந்து 27 ஆம்பியர்-மணி போய்விடும். 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் அது கால் பங்குக்கு மேல். நாலும் ஒரே வரிசையில் இணைந்திருப்பதால் சார்ஜர் அனுப்பும் மின்சாரம் நாலிலும் ஒரே அளவில்தான் பாயும். மூன்று பேட்டரி நிறைந்ததும் சார்ஜர் மொத்த வோல்ட்டைப் பார்த்து வேகத்தைக் குறைத்துவிடும். நாலாவது அரை வயிற்றோடு நிற்கும். சரி, இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்று விட்டால், நிறைந்த மூன்றும் கொதித்துத் தண்ணீரை இழக்கும். தினமும் இப்படி நடந்தால் அரைச் சார்ஜில் கிடப்பதன் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். மற்ற மூன்றின் தகடுகள் காயும். ஒன்றை மட்டும் புதிதாக மாற்றியதில் பயன் இல்லாமல் போனது இதனால்தான். அதே வயரைப் புதியதிலும் மாட்டியிருந்தார்களே!

இதற்கு மாற்று, 48 வோல்ட்டை வாங்கி 12 வோல்ட்டாகத் தரும் டிசி கன்வெர்ட்டர். கைக்கு அடக்கமான பெட்டிதான். வரிசையின் முதல் பிளஸ்ஸையும் கடைசி மைனஸையும் அதற்குக் கொடுத்தால் நாலு பேட்டரியும் சமமாகப் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும். அதே 110 வாட் விளக்குக்கு, கன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்து, ஒவ்வொரு பேட்டரியிலிருந்தும் இரண்டரை ஆம்பியர்தான் போகும். ஹாலோஜனுக்குப் பதில் 20 வாட் எல்இடி இரண்டு போட்டால் ஒரு ஆம்பியரே போதும். சாவி போட்டால் மட்டும் விழிக்கும்படி தனியாக ஒரு மெல்லிய வயர் வைத்த கன்வெர்ட்டர் கிடைக்கிறது. அதையே கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் வண்டி சும்மா நிற்கும்போதும் துளித்துளியாக உறிஞ்சிக்கொண்டிருக்கும்.

அடுத்தது ரிலே. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். உங்கள் பம்ப்செட் ஸ்டார்ட்டரில் இருப்பதும் அதே தத்துவம்தான். காயில் வைத்த ஸ்டார்ட்டரில் பச்சைப் பட்டனை அழுத்தும்போது மோட்டாரின் முழு மின்சாரம் பட்டன் வழியாக ஓடுவதில்லை. பட்டன் காயிலுக்குக் கொஞ்சம் மின்சாரம் விடுகிறது. காயில் காந்தமாகிக் கனமான காண்டாக்டை இழுத்து மூடுகிறது. ரிலேயும் அப்படியே. ஸ்விட்ச் வழியாகப் போவது கால் ஆம்பியர்கூட இல்லை. விளக்கின் 9 ஆம்பியரும் ரிலேயின் காண்டாக்ட் வழியாகப் போகும். ஸ்விட்ச் சூடாகாது. டேஷ்போர்டு வரை தடித்த வயர் இழுக்கவும் தேவையில்லை.

ரிலேயின் அடியில் எண்கள் இருக்கும். 85, 86 இரண்டும் காயில். 30-ல் ஃபியூஸ் வழியாக வரும் 12 வோல்ட். 87-லிருந்து விளக்கு. ஐந்து கால் உள்ள ரிலே என்றால் நடுவில் 87ஏ இருக்கும். அதில் மாட்டினால் ஸ்விட்சை அணைக்கும்போது விளக்கு எரியும்! காயிலுக்கும் கன்வெர்ட்டரின் 12 வோல்ட்தான் கொடுக்க வேண்டும். 48 கொடுத்தால் கருகிவிடும். காயிலை அணைக்கும் நொடியில் அது எதிர்த்திசையில் ஒரு மின் உதை கொடுக்கும். ஒன் என் 4007 என்ற டையோடைக் காயிலின் இரு முனைக்கும் குறுக்கே, வெள்ளிக் கோடு பிளஸ் பக்கம் இருக்கும்படி வைத்தால் ஸ்விட்ச் பிழைக்கும். விலை ஒரு டீ கூட ஆகாது.

சித்தி மகன் வண்டியில் நான் பார்த்ததிலேயே பயமாக இருந்தது வேறு. விளக்குக்குப் போட்டிருந்தது வீட்டுச் சுவரில் இருக்கும் சாதாரண ஸ்விட்ச். பாய் அதைத் திறந்து காட்டினார். உள்ளே பிளாஸ்டிக் உருகிக் கறுத்திருந்தது. வீட்டு மின்சாரம் ஏசி. நொடிக்கு நூறு முறை அது பூஜ்யத்தைத் தொடுவதால் ஸ்விட்சைத் திறக்கும்போது வரும் பொறி தானாக அணைந்துவிடும். பேட்டரி மின்சாரம் டிசி. பொறி நின்று எரியும். சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வேறு வரும். பக்கத்திலேயே வைக்கோல் போர். மேலே சொல்ல வேண்டாம்.

ஃபியூஸிலும் இதே கவனம் வேண்டும். கார்களில் போடும் தட்டை ஃபியூஸ் பெரும்பாலும் 32 வோல்ட் வரைக்கானது. கன்வெர்ட்டருக்கு அப்பால் 12 வோல்ட் பக்கத்தில் அது சரி. 48 வோல்ட் பக்கத்துக்கு அதைவிட அதிக டிசி வோல்ட் எழுதிய ஃபியூஸ் வேண்டும். அதையும் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் போட வேண்டும். விளக்குப் பக்கத்தில் ஃபியூஸ் வைத்துவிட்டு நடுவில் மூன்று மீட்டர் வயரைப் பாதுகாப்பில்லாமல் விட்டால், உரசித் தேயும்போது அந்த வயரேதான் ஃபியூஸாக எரியும்.

வயர் கனமும் முக்கியம். 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் போக மூன்று மீட்டர், வர மூன்று மீட்டர் என்று 10 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே ஒரு வோல்ட் தொலைந்துபோகும். 2.5 போட்டால் இழப்பு அரை வோல்ட்டுக்குள். மைனஸ் வயரை மிச்சம் பிடிக்க வண்டியின் இரும்புச் சட்டத்தில் திருகிவிடும் வழக்கம் கார் மெக்கானிக்குகளிடம் உண்டு. இந்த வண்டிகளில் அது வேண்டாம். இரண்டு வயராகவே இழுக்கச் சொல்லுங்கள்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. எண்ணூர், மீஞ்சூர் பக்கம் கிணற்றில் உப்பு ஏறிய கதை தெரிந்ததுதான். காற்றிலும் உப்புதான். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு ஒரு மழைக்காலம் தாண்டாது. உள்ளே பச்சைப் பூத்துவிடும். படகுகளில் செய்வதுபோல டின் பூசிய செம்பு வயர் போட்டு, லக் வைத்து அழுத்தி, மேலே சூட்டில் சுருங்கும் உறை மாட்டிக் கொடுத்தார் பாய். டெர்மினல்களுக்கு வாசலின். ரிலேயைக் கால்கள் கீழ்நோக்கி இருக்கும்படி பொருத்தினார். தண்ணீர் உள்ளே தேங்காது.

வேலை தொடங்கும் முன் அவர் மோதிரத்தையும் வாட்சையும் கழற்றி என்னிடம் கொடுத்தார். ஸ்பேனரின் பிடியில் டேப் சுற்றினார். மெயின் கேபிளைக் கழற்றிய பிறகும், கன்ட்ரோலருக்குள் தேங்கிய மின்சாரம் வடிய நேரம் விட்டுத்தான் கை வைத்தார். 48 வோல்ட் ஷாக் அடிக்காதே என்று நினைக்காதீர்கள். மோதிரம் இரண்டு டெர்மினலுக்கு நடுவே மாட்டினால் பழுக்கக் காய்ந்து விரலைத் தீய்த்துவிடும்.

பழைய செட்டைக் காப்பாற்ற முடியவில்லை. சித்தி மகன் கூட்டுறவு வங்கியில் நகை வைத்துப் புது செட் போட்டான். இரண்டாவது வருடம் ஓடுகிறது. மாதம் ஒருமுறை நாலையும் தனித்தனியாக அளந்து காலண்டரில் எழுதி வைக்கிறான்.

கடிதம் எழுதிய நண்பருக்கு: உங்கள் தெளிப்பான் பம்ப் எத்தனை ஆம்பியர் என்று அதன் லேபிளில் பாருங்கள். விளக்கு, ஹாரன், பம்ப் மூன்றின் ஆம்பியரையும் கூட்டி, அதற்கு மேல் கால் பங்கு தாராளமாக உள்ள கன்வெர்ட்டர் வாங்குங்கள். பம்புக்குத் தனி ரிலே, தனி ஃபியூஸ். கோல்ஃப் வண்டியைத் தோட்டத்துக்குள் மட்டும் ஓட்டுங்கள். பதிவு இல்லாமல் பொது ரோட்டில் ஏற்றினால் விபத்து நேரத்தில் சிக்கல். வயரிங் தொடங்கும் முன், சார்ஜ் ஏற்றிச் சில மணி நேரம் ஓய்வில் விட்டு, நாலு பேட்டரியின் வோல்ட்டையும் தனித்தனியாக எழுதி அனுப்புங்கள். ஏற்கெனவே ஏதாவது ஒன்று தளர்ந்திருந்தால் அடுத்த இதழிலேயே சொல்லிவிடுகிறேன்.