சிமிலி இடிக்கும் காலை

திருவண்ணாமலையிலிருந்து செங்கம் போகும் சாலையில், கிளை பிரியும் மண்பாதையோரம் இருக்கிறது அந்த முதியோர் இல்லம். கார்த்திகை பிறந்துவிட்டால் அங்கிருந்து மாவு மில்லுக்குப் போகும் கேழ்வரகு மூட்டை வழக்கத்தைவிடக் கனக்கும். மானாவாரி மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, அறுவடையாகி வீடுகளில் காய்ந்துகொண்டிருக்கும் பருவம் அது. மல்லாட்டைக்குப் பேர்போன மாவட்டம் என்பதால் புதுக்காய்க்கு அலைய வேண்டியதில்லை. கேழ்வரகும் மல்லாட்டையும் வெல்லமும் சேர்ந்தால் சிமிலி. குளிர் நாட்களில் வட மாவட்டத்து வீடுகளில் இடிக்கும் அந்தப் பண்டத்தை இல்லத்துப் பெரியவர்களையே வைத்துச் செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் போனேன்.

வேலை சமையல்கட்டில் தொடங்கும் என்று நினைத்திருந்தேன். நர்ஸின் நோட்டில் தொடங்கியது. யாருக்குச் சர்க்கரை, யாருக்கு விழுங்குவதில் சிரமம், யார் கையில் புண், யாருக்கு இன்று மனநிலை சரியில்லை என்று காலை எட்டரைக்கே பட்டியல் தயார். “வெல்லம்தானே, சர்க்கரை இல்லையேன்னு எல்லாரும் கேப்பாங்க சார். ரத்தத்துல ஏறுறதுல ரெண்டும் ஒண்ணுதான்” என்றார் நர்ஸ். கேழ்வரகிலும் மாவுச்சத்து உண்டு என்பதால் சர்க்கரைக்காரர்களுக்குச் சின்ன உருண்டை, அதுவும் கணக்கு வைத்து. பக்கவாதம் வந்தவர்கள், பார்க்கின்சன் நோயாளிகள் சிலருக்குச் சிமிலியே கிடையாது. உதிரியான மாவும் மல்லாட்டைத் துணுக்கும் தொண்டையில் புரையேறினால் உயிருக்கே ஆபத்து. அவர்களுக்கு அதே கேழ்வரகில் கட்டியில்லாமல் வடிகட்டிய கூழ், அதே நேரத்தில், அதே பந்தியில்.

சமையல்கார அக்கா அடை தட்டிக்கொண்டிருந்தார். கேழ்வரகு மாவில் உப்புப் போட்டுப் பிசைந்து, தோசைக்கல்லில் கனமாகத் தட்டி இருபுறமும் வேகவிடுகிறார். மொறுமொறுவென்று ஆகிவிட்டால் சரியாக இடிபடாது. வேக்காடு போதாவிட்டால் பச்சை வாடை. ஆறுவதற்குள் பிய்த்துப் போட்டு, வறுத்த மல்லாட்டை, வெல்லம், ஒரு கை எள் சேர்த்து இடித்தால், கடலையின் எண்ணெயும் வெல்லத்தின் ஈரமும் சேர்ந்து தானாகவே உருண்டை பிடிக்கும். மிக்சியிலும் செய்யலாம், விட்டுவிட்டு ஓட்ட வேண்டும். ஒரேயடியாக ஓட்டினால் கடலை எண்ணெய் கக்கிவிடும்.

இந்த இல்லம் சிமிலியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் பாகு வேண்டாம் என்பதுதான். கார்த்திகைத் தீபத்துக்கு இந்தப் பக்கம் பொரி உருண்டை இல்லாமல் இருக்காது. ஆனால் வெல்லப்பாகை உருட்டுப் பதம் வரைக்கும் காய்ச்சி, தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்த்து, தட்டில் போட்டால் ‘டக்’கென்று சத்தம் கேட்டதும் பொரியைக் கொட்டிக் கிளறி, சூடு தணியுமுன் பிடித்தாக வேண்டும். வயதானவர்களின் தோல் மெல்லியது. சர்க்கரைக்காரர்களுக்கு விரல் மரத்திருந்தால் சுடுவதும் தெரியாது. அதனால் பொரி உருண்டையை அக்காவும் பணியாளர்களும் பிடித்துவிடுகிறார்கள். பொரியில் உமி பொறுக்குவது, தேங்காயைப் பல்லுப்பல்லாகக் கீறுவது, ஏலக்காய் தட்டுவது மட்டும் பெரியவர்கள் பங்கு. சிமிலியும் எள்ளுருண்டையும் கை பொறுக்கும் சூட்டிலேயே உருள்வதால் முழுக்க முழுக்க அவர்கள் ஆட்சி.

பத்து மணிக்கு முற்றத்தில் வெயில் இறங்கியதும் எல்லாரையும் கூட்டிவந்தார்கள். சாயங்காலம் வைத்துக்கொள்வதில்லை. மறதிநோய் உள்ளவர்களில் சிலருக்குப் பொழுது சாயச் சாயத் தவிப்பும் எரிச்சலும் கூடும் என்பதால் காலைதான் தோது. சக்கர நாற்காலிக்காரர்களுக்கு முழங்கை உயரத்தில் மேசை. தட்டு நழுவாமல் இருக்க அடியில் ஈரத்துணி. கேழ்வரகுக் கலவை கருத்துப் போவதால் வெள்ளைத் தட்டு. பொட்டுக்கடலை மாவில் மாலாடு பிடிக்கும் நாளில் நீலத் தட்டு. பார்வை மங்கியவர்களுக்குப் பண்டமும் தட்டும் ஒரே நிறமாக இருந்தால் கை தடுமாறும்.

பராமரிப்புப் பணியாளர்களில் மூத்தவரான ஒரு பெண்தான் வேலையைப் பங்கிட்டார். அவர் வேலை சொல்லும் விதத்தை உன்னிப்பாகக் கவனித்தேன். “நீங்க இதைச் செய்றீங்களா?” என்று யாரையும் கேட்கவில்லை. கேட்டால் பாதிப் பேர் ‘வேணாம்’ என்றுதான் சொல்வார்கள். லாரி ஓட்டிக்கொண்டிருந்த தாத்தா ஒருவர், “பொம்பளைங்க வேலைக்கு என்னை ஏன் இழுக்குற?” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தப் பெண் பதில் பேசாமல் ஒரு கூடை மல்லாட்டையை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, “புதுக்காயா பழசான்னு தெரியல தாத்தா” என்று மட்டும் சொல்லிப் போனார். தாத்தா ஒன்றை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்தார். உடைத்துத் தின்றார். “புதுசுதான், காய்ச்சல் பத்தல” என்று அறிவித்தார். அப்புறம் அவர் கை நிற்கவில்லை. தொலி மலைபோல் குவிந்தது.

இன்னொரு ஆயா, மகள் வந்தால்கூட யாரென்று கேட்பவர். நாற்காலியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டே இருந்தார். வறுத்துத் தேய்த்த கடலையை முறத்தில் போட்டு மடியில் வைத்தார்கள். முதலில் அதையும் வெறுமனே தடவினார். பக்கத்தில் உட்கார்ந்த பணியாளர் தானும் ஒரு முறம் எடுத்து இரண்டு தட்டு தட்டியதும், ஆயாவின் பெருவிரல்கள் முறத்தின் விளிம்புக்கு மேலே ஏறின, மற்ற விரல்கள் அடியில் பரவின. மணிக்கட்டு ஒரு சுண்டு சுண்டியது. கடலை எழும்பி முறத்திலேயே விழ, செந்தொலி மட்டும் வெளியே பறந்தது. பேரும் முகமும் மறந்தாலும் கை பழகிய வேலை கூடுதல் காலம் தங்கும் என்பது மருத்துவர்கள் சொல்வதுதான். அது தானாக வெளியே வராது. சரியான பொருளைச் சரியான நேரத்தில் மடியில் வைக்க ஆள் வேண்டும்.

இரும்பு உரலில் இடிக்க இரண்டு பேர் முறை வைத்துக்கொண்டார்கள். எழுந்து வர முடியாத ஒருவர் வாயால் வேலை செய்தார்: “அடை கனம் போதலடி, எங்க ஊருல இதைவிடத் தடியா தட்டுவோம்.” அக்கா முகம் சுளிக்காமல் அடுத்த அடையைத் தடியாகவே தட்டினார். உருட்டும்போது மூட்டுவலிக்காரர்களுக்கு இளஞ்சூட்டில் இருக்கும் கலவை இதமாக இருக்கிறது; விரல் மடங்காதவர்கள் இரண்டு உள்ளங்கைக்கு நடுவே வைத்து அமுக்கினார்கள். உருண்டை ஒன்றுபோல் இல்லை. யாரும் திருத்தவும் இல்லை.

மளிகைக்கடை வைத்திருந்த ஒருவருக்குத் தராசும் பழைய செய்தித்தாளும். காகிதத்தை மூலையில் பிடித்துச் சுருட்டி, அடியை மடித்து, உருண்டையைப் போட்டு, மேல்வாயைச் செருகி, நூலை இரண்டு சுற்றுச் சுற்றிப் பல்லால் அறுத்தார். நூலைப் பல்லில் வைக்கக்கூடாது என்று நர்ஸ் கண்டித்தார். “நாப்பது வருசமா இப்படித்தான்மா” என்றவர், அடுத்த பொட்டலத்துக்குக் கத்தரிக்கோல் கேட்டு வாங்கிக்கொண்டார். எதிரே இருக்கும் அங்கன்வாடிக்கும் பால்காரருக்கும் போகிற பொட்டலங்கள் அவை. வாங்கும் இடத்திலேயே இருந்து பழகியவர்கள் அன்று கொடுக்கும் இடத்தில் இருந்தார்கள். தன்னால் தின்ன முடியாத பண்டத்தை உருட்டியவர்களும் சலித்துக்கொள்ளாததற்கு இதுவே காரணமாக இருக்க வேண்டும்.

தின்னும்போதும் கவனம் குறையவில்லை. எல்லாரும் நிமிர்ந்து உட்கார வேண்டும், உருண்டையைப் பிட்டுப் பிட்டுத்தான் கொடுக்க வேண்டும், தின்று முடித்து அரைமணி நேரம் படுக்கக்கூடாது. அதன்பின் தரையைக் கழுவி, உரலைத் துடைத்து, பிசுக்கேறிய சேலைகளை மாற்றிவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு ஓடினார்கள் பணியாளர்கள். குளிப்பாட்டுவது, டயப்பர் மாற்றுவது, ஊட்டிவிடுவது எதுவும் அன்றைக்குக் குறைவதில்லை. பணிப் பதிவேட்டில் மாத்திரைக்குக் கட்டம் இருக்கிறது, ரத்த அழுத்தத்துக்குக் கட்டம் இருக்கிறது. இந்த இரண்டரை மணி நேரத்துக்குக் கட்டமில்லை.

2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல்; நாடு முழுவதற்குமான சராசரி 8.6. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், ஆதரவற்றவர்களுக்காக மாவட்டத்துக்கு ஒரு இல்லமாவது, அதில் 150 பேராவது தங்க வசதியோடு வர வேண்டும் என்று நோக்கம் வைத்தது. கூரையும் கட்டிலும் சட்டத்தால் வரலாம். மடியில் முறம் வைக்கும் சமயம் தெரிந்த ஆள், உடனிருந்து பழகித்தான் வருவார்.

புதிதாகச் சேருகிறவர்களுக்கு என்ன சொல்லிக்கொடுப்பீர்கள் என்று அந்த மூத்த பணியாளரிடம் கேட்டேன். “ஒப்புக்கு வேலை குடுக்காதேன்னு சொல்லுவேன். பிரிச்ச கடலையைத் திரும்பக் கலந்து குடுத்தா அவங்களுக்குத் தெரிஞ்சிடும். அவங்க உரிச்சாத்தான் நமக்குச் சிமிலின்னு இருக்கணும்.” அந்த ஒரு காலைக்கு மட்டும் கூடுதலாக ஒரு பணியாளர் கிடைத்தால் வாரம் ஒருமுறை வைத்துக்கொள்வோம் என்றார். கேழ்வரகும் வெல்லமும் வாங்கித்தர நன்கொடையாளர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்த ஒரு ஆளின் கூலியை யாராவது ஏற்றுக்கொண்டால் நல்லது.