திட்டித் திட்டியே பார்த்தார்கள்... பிடித்துப்போனபோது நின்றுவிட்டது! - 'வீல் ஆஃப் டைம்' ரசிகர்களின் கதை

2025 மார்ச் 20. அமேசான் பிரைமில் 'தி வீல் ஆஃப் டைம்' மூன்றாவது சீசனின் நான்காவது எபிசோடு வெளியானது. மூன்றரை வருடமாக இந்த வெப் சீரிஸைத் திட்டிக்கொண்டே பார்த்த புத்தக ரசிகர்கள் அன்றைக்குத் திட்டவில்லை. பலர் இரண்டாவது தடவை போட்டுப் பார்த்தார்கள்.

அதிலிருந்து சரியாக 64-வது நாள், மே 23 அன்று, சீரிஸுக்கு நான்காவது சீசன் கிடையாது என்ற செய்தி வந்தது.

(இன்னும் பார்க்காதவர்கள் கவனம். இனிமேல் கதை கொஞ்சம் வெளியே வரும்.)

இந்த ரசிகர்களின் கோபத்தைப் புரிந்துகொள்ள, 1990-க்குப் போக வேண்டும். அமெரிக்காவின் சவுத் கரோலைனாவில் இருந்த ராபர்ட் ஜோர்டன், அந்த வருடம் 'தி ஐ ஆஃப் தி வேர்ல்ட்' என்ற முதல் பாகத்தை வெளியிட்டார். வியட்நாம் போரில் ஹெலிகாப்டரில் துப்பாக்கி பிடித்தவர். ஆறு பாகத்தில் முடிப்பதாகத்தான் திட்டம். கதை கேட்கவில்லை; பத்தைத் தாண்டிப் போனது. பள்ளியில் முதல் பாகத்தைக் கையில் எடுத்த பையனுக்குக் கல்யாணமாகி, குழந்தை பிறந்து, இன்னும் கதை முடியவில்லை என்ற நிலைமை. நடுவில் சில பாகங்களில் கதை நத்தை வேகத்தில் நகர்ந்ததும் உண்மை. அதையும் சகித்துக்கொண்டார்கள்.

2006-ல் ஜோர்டன் தன் வாசகர்களுக்கு ஒரு செய்தி சொன்னார். இதயத்தைத் தாக்கும் அரிதான அமிலாய்டோசிஸ் நோய் தனக்கு வந்திருப்பதாக. 11 பாகங்கள் முடிந்திருந்தன, கடைசிப் பாகம் பாக்கி. உடம்பு ஒத்துழைக்காத நாட்களில் குறிப்புகளாக எழுதினார், ஒலிப்பதிவு செய்தார், மிச்சக் கதையைக் குடும்பத்தாரிடம் வாயாலேயே சொன்னார். கடைசிக் காட்சியைத் தானே எழுதி வைத்திருந்தார். 2007 செப்டம்பர் 16 அன்று இறந்துபோனார். வயது 58.

அவருடைய மனைவி ஹாரியட் மெக்டூகல்தான் அவருடைய எடிட்டரும். கணவரை இழந்த அந்த நாட்களில், பிராண்டன் சாண்டர்சன் என்ற இளம் எழுத்தாளர் ஜோர்டனுக்கு எழுதிய அஞ்சலியை அவர் படித்தார். சாண்டர்சன் பதின்வயதிலிருந்தே இந்தக் கதையின் ரசிகர். 'நீங்கள் இதை முடித்துத் தர முடியுமா' என்று ஹாரியட் கேட்டார். ஒரு பாகமாக முடியவேண்டியது மூன்று பாகமானது. 2013 ஜனவரியில் 14-வது பாகம் வந்தது. 23 வருடம்!

இப்படி ஒரு கதையைத் தூக்கிச் சுமந்தவர்கள், அது திரையில் வருகிறது என்றால் எப்படி உட்கார்ந்திருப்பார்கள்? கையில் பூதக்கண்ணாடியோடுதான்.

அவர்களுக்கு முன்னாடியே ஒரு சூடும் பட்டிருந்தது. 2015 பிப்ரவரியில், திரை உரிமை காலாவதியாக இருந்த நேரத்தில், அரை மணி நேர எபிசோடு ஒன்று அமெரிக்க டிவி சேனலில் ஒளிபரப்பானது. எத்தனை மணிக்கு? நள்ளிரவு ஒன்றரை மணிக்கு. முன்கூட்டி விளம்பரமும் கிடையாது. தூங்கி எழுந்த ரசிகர்களுக்கு, தங்கள் கதை ராத்திரியோடு ராத்திரியாக டிவியில் வந்துபோன விஷயமே பிறகுதான் தெரிந்தது.

அமேசானில் முதல் சீசன் 2021 நவம்பர் 19-ல் வந்தது. ரோசமண்ட் பைக் மொய்ரெய்னாக நடிக்கிறார் என்றதும் எதிர்பார்ப்பு எகிறியது. இந்தியாவில் தமிழ் டப்பிங்கும் உண்டு. ஆனால், முதல் எபிசோடே புத்தக ரசிகர்களைச் சுட்டது. பெரின் என்ற கொல்லர் பையனுக்குப் புத்தகத்தில் அந்தக் கட்டத்தில் கல்யாணமே ஆகவில்லை. சீரிஸில் ஒரு மனைவியைக் கொடுத்து, சண்டைக் குழப்பத்தில் அவன் கையாலேயே அவள் சாகும்படி வைத்துவிட்டார்கள். மாற்றம் கூடாது என்பதல்ல பிரச்னை. 14 பாகம் நகரும் மனப்போராட்டத்தை ஒரே வெட்டில் முடிக்கப் பார்த்ததுதான் உறுத்தியது. ஆலோசகராக இருந்த சாண்டர்சனே இந்த மாற்றத்தில் தனக்கு உடன்பாடில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். அப்புறம் ரசிகர்கள் சும்மா இருப்பார்களா?

இங்கே சீரிஸ் பக்கமும் கொஞ்சம் பேச வேண்டும். செக் நாட்டில் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோதுதான் 2020-ல் கொரோனா வந்து எல்லாம் நின்றது. திரும்ப ஆரம்பித்தபோது, மேட் வேடத்தில் நடித்த பார்னி ஹாரிஸ் வரவில்லை. கடைசி இரண்டு எபிசோடுகளை அவர் இல்லாமல் மாற்றி எழுத வேண்டியதாயிற்று. முக்கியமான மூன்று பையன்களில் ஒருவர் பாதியில் காணாமல் போனால் கதை நொண்டத்தான் செய்யும். வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு அந்த விவரம் எதற்கு? திரையில் தெரிவதைத்தான் அவர் கேட்பார். அதுவும் நியாயம்தான்.

இரண்டாவது சீசனில் மேட் வேடத்துக்கு டோனல் ஃபின் வந்தார். லான்ஃபியராக வந்த நடாஷா ஓ'கீஃப், வில்லி என்றாலும் ரசிகர்களைக் கட்டிப்போட்டார். 'பரவாயில்லையே' என்ற பேச்சு மெல்ல எழுந்தது. மூன்றாவது சீசன் வந்தபோது விமர்சகர்களிடமிருந்து கிட்டத்தட்ட ஒரே குரலில் பாராட்டு.

அந்த நான்காவது எபிசோடில் அப்படி என்ன இருக்கிறது? நாயகன் ராண்ட், பாலைவனத்தில் இருக்கும் ருய்டியன் என்ற புனித நகருக்குள் போகிறான். அங்கே கண்ணாடித் தூண்கள். ஒவ்வோர் அடிக்கும் அவன் தன் முன்னோர்களில் ஒருவராக மாறுகிறான். காலம் பின்னோக்கிப் போகிறது. இன்றைக்கு ஈட்டியும் கையுமாகத் திரியும் அயெல் மக்கள், ஒரு காலத்தில் ஆயுதத்தையே தொடமாட்டோம் என்று சத்தியம் செய்தவர்கள் என்ற உண்மை கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கிறது. 1992-ல் வந்த நான்காம் பாகத்தில் ரசிகர்கள் மறக்காமல் வைத்திருக்கும் பகுதி இது. இதைப் படமாக எடுக்கவே முடியாது என்றுதான் பலர் நினைத்திருந்தார்கள். ராண்டாக நடித்த ஜோஷா ஸ்ட்ராடோவ்ஸ்கியே அந்த முன்னோர்களாகவும் வருகிறார். குரல், நடை, உடம்பு எல்லாம் மாறுகிறது. முதல் சீசனில் 'இந்தப் பையனுக்கு நடிப்பு வருமா' என்று கேட்டவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

அதற்காக எல்லாரும் சமாதானமாகிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. ஏழாவது எபிசோடில் லோயலுக்கு நேர்ந்த முடிவு, கடைசி எபிசோடில் ஷுவான் சான்சேயின் மரண தண்டனை இரண்டும் பெரிய சண்டையைக் கிளப்பின. புத்தகத்தில் இந்த இருவருக்கும் இன்னும் நிறைய கதை இருக்கிறது. ஆனால், இந்தத் தடவை சண்டையின் சுதி வேறு. முன்பு 'எங்கள் கதையைக் கெடுத்துவிட்டீர்கள்' என்றார்கள். இப்போது 'அடுத்த சீசனில் இதை எப்படிச் சமாளிப்பீர்கள்' என்றார்கள். அடுத்த சீசனைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பித்துவிட்டாலே, அவர் வீட்டு ஆள் ஆகிவிட்டார் என்று அர்த்தம்.

அப்படி வீட்டு ஆளான நேரத்தில்தான் மே 23 செய்தி வந்தது. காரணம் பணம். செலவுக்கு ஈடான பார்வையாளர்கள் இல்லை என்பதுதான் கணக்கு. நல்ல விமர்சனம் அந்தக் கணக்கில் ஒரு பத்திக்குள் அடங்கிவிடும் போல. பல வருடம் முதல் சீசனைக் கரித்துக்கொட்டியவர்களும் சேர்ந்து, சீரிஸைக் காப்பாற்றச் சொல்லி இணையத்தில் கையெழுத்துப் போட்டார்கள். லட்சத்துக்கும் மேல் கையெழுத்து. அதில் எத்தனை பேருக்கு, 'முதல் சீசனில் நாம்தானே ஆட்களை விரட்டினோம்' என்ற குறுகுறுப்பு இருந்திருக்கும் என்று எண்ணிச் சொல்ல யாராலும் முடியாது. சிலருக்காவது இருந்திருக்க வேண்டும்.

உண்மையில் அதிகம் நஷ்டப்பட்டவர்கள் புத்தகக்காரர்கள் அல்ல. அவர்களுக்கு முடிவு தெரியும். புத்தகமே தொடாமல் சீரிஸை மட்டும் பார்த்து, ராண்டுக்கு என்ன ஆகும் என்று காத்திருந்தவர்கள்தான் நடுரோட்டில் நிற்கிறார்கள். அவர்களுக்குப் பழைய ரசிகர்கள் கையைப் பிடித்து வழி சொல்கிறார்கள். ஐந்தாம் பாகத்திலிருந்து படிக்கலாமா என்று கேட்டால், 'வேண்டாம், முதலிலிருந்து வாங்க' என்பதுதான் பெரும்பாலும் பதில். படிக்க அலுப்பென்றால், முதல் பாகத்தை ரோசமண்ட் பைக் தன் குரலிலேயே படித்திருக்கும் ஆடியோ புத்தகம் இருக்கிறது.

14 பாகம், சுமார் 44 லட்சம் வார்த்தைகள். அதில் லோயல் உயிரோடு இருக்கிறான். முதல் பாகத்தில் பெரினுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.