மச்சினன் வண்டிக்குக் குளிருமா?

பி.காம். படித்தவனுக்கு பைக் இன்ஜினில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். ஒரு டிசம்பர் மாலையில் ஊட்டியில் என் மாமியாரும் இதையேதான் கேட்டார். அப்போது நான் அவர் வீட்டு போர்டிகோவில் மல்லாந்து கிடந்ததால் பதில் சொல்ல முடியவில்லை.

என் மச்சினனிடம் ஒரு பைக் இருக்கிறது. ஆபீஸ் போக அல்ல. அதற்குத் தனியாக ஸ்கூட்டர். இது ரேஸ் ட்ராக்கில் ஓட்ட மட்டும். ஹெட்லைட் கிடையாது, இண்டிகேட்டர் கிடையாது, கண்ணாடி கிடையாது. முதன்முதலில் பார்த்தபோது மாமியார், "லைட்டெல்லாம் கழட்டிட்டுப் பாதி விலைக்குத் தந்தானா?" என்று பரிதாபப்பட்டார். மாதம் ஒரு ஞாயிறு அதைக் குட்டியானையில் ஏற்றி, மலை இறக்கி, கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேக்குக் கொண்டுபோய் ஓட்டிவிட்டு, திரும்ப மலை ஏற்றிக்கொண்டு வருவான். வண்டி ஓடின கிலோமீட்டரைவிட வண்டியே வேறொரு வண்டியில் உட்கார்ந்து போன கிலோமீட்டர் ஜாஸ்தி. கணக்குப் போட்டுக் காட்டினேன். "அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க மாமா" என்றான்.

அந்த டிசம்பரில் அவனுக்கு வந்த கவலை, குளிர். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். மார்கழி, தை மாதங்களில் சில ராத்திரி பூஜ்யத்துக்கும் கீழே போய், விடிந்து பார்த்தால் புல்லெல்லாம் உப்புக் கொட்டின மாதிரி உறைபனி. வண்டியின் ரேடியேட்டரிலோ வெறும் தண்ணீர். தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய 9 சதவீதம் விரியும். கண்ணாடி பாட்டிலை ஃப்ரீசரில் மறந்து வைத்த குடும்பத்தலைவிகளுக்கு இது தெரியும். ரேடியேட்டரின் மெல்லிசுக் குழாய்க்குள் விரிந்தால்? "குழாய் பிளந்துடும் மாமா. சிலிண்டர் பக்கம் விரிஞ்சா இன்ஜினே விரிசல் விட்டுடும்!" மாமியார் அன்றிரவு தன் பங்குக்கு வண்டிமேல் ஒரு பழைய கம்பளியைப் போர்த்தினார். எனக்குக் கொடுத்ததைவிட அது நல்ல கம்பளி.

மச்சினன் கடையிலிருந்து பச்சை நிறக் கூலன்ட் ஒரு கேன் வாங்கி வந்துவிட்டான். சாதாரணமாகக் காருக்கும் பைக்குக்கும் ஊற்றுகிற அதே சரக்குதான், எதிலீன் கிளைக்கால். தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 35 டிகிரி வரைக்கும்கூட உறையாது. ஊட்டிக்கு அது ரொம்ப ஓவர்.

"அப்புறம் எதுக்குடா இத்தனை நாள் வெறும் தண்ணி?" என்றேன்.

கொஞ்சம் இழுத்தான். "ட்ராக்ல இதை ஊத்தக்கூடாது மாமா."

பிறகுதான் சொன்னான். உலக அளவில் பைக் பந்தயங்களை நடத்தும் எஃப்.ஐ.எம். விதிப்படி, ரேடியேட்டரில் தண்ணீர் இருக்கலாம். அல்லது தண்ணீரோடு எதில் ஆல்கஹால் இருக்கலாம். வேறு எதுவும் கூடாது. (ஆல்கஹால் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.) ஆனால் ஜனவரி முதல் ஞாயிறு ட்ராக்குக்குப் பணம் கட்டியாகிவிட்டது. இப்போது பச்சையை ஊற்றி, மறுபடி இறக்கி, மூணு நாலு தடவை அலசி, தண்ணீர் ஊற்றி... "ஒரு நாள்தானே மாமா, அப்படியே ஓட்டிடறேன். யாரு மூடியத் திறந்து பார்க்கப் போறாங்க?"

வருமான வரி சம்பந்தமாக இதே வசனத்தைப் பல கட்சிக்காரர்கள் வாயால் கேட்டவன் நான். கண்டிப்பாக ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "கேனைப் பிடிங்க மாமா" என்றான். பிடித்தேன்.

பிடித்த லட்சணம், கால் லிட்டர் மொசைக் தரையில். துடைக்கத் துணி எடுக்கத் திரும்பினேன் பாருங்கள், இடது கால் குன்னூர்ப் பக்கம் போனது, வலது கால் கூடலூர்ப் பக்கம் போனது. மாமியார் அந்தக் கேள்வியைக் கேட்டது அப்போதுதான்.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, துணியால் துடைத்தோம். ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றித் தள்ளினோம். பத்து நிமிஷம் கழித்து நல்லாயிருக்கிறதென்று நம்பிக் கால் வைத்தால், மறுபடி வழுக்கல்! தண்ணீர் காய்ந்தது, அது காயவில்லை. காயாது. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும், இந்தச் சரக்குக்கு 197 டிகிரி வேண்டும். சும்மா விட்டால் ஆவியாகாமல் அப்படியே படுத்திருக்கும். செருப்புப் போட்டு நடந்த எனக்கே இந்த கதி. முழங்கால் தரையில் உரசச் சாய்ந்து வளைவில் வருகிறவனுக்கு?

இதை நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே மாமியார், "ஐயோ, மணி நக்குறான்!" என்று கத்தினார்.

மணி, அந்த வீட்டு நாய். பதினோரு வயசு. மாமனார் போன பிறகு மாமியாருக்குப் பேச்சுத்துணை. பச்சைக் கூலன்ட் தித்திக்குமாம். அது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். இழுத்துப் பிடித்து வாயைக் கழுவிவிட்டு, டாக்ஸியில் கால்நடை டாக்டரிடம் ஓடினோம். மச்சினன் முன் சீட்டில் ஒரு வார்த்தை பேசவில்லை.

டாக்டர் முதலில் வாந்தி எடுக்க வைத்தார். பிறகு விளக்கினார். உடம்புக்குள் போனதும் ஈரல் இதை வேறு அமிலங்களாக மாற்றும். கடைசியில் சிறுநீரகத்தில் படிகங்களாக உட்கார்ந்து அதை அடைத்துவிடும். ஆரம்பத்தில் குடித்தவன்போலத் தள்ளாடும், பிறகு தேறினமாதிரி தெரியும், அதை நம்பிவிடக்கூடாது. நாய்க்கு மட்டுமில்லை, குழந்தைக்கும் இதே கதைதான். "மாற்று மருந்து இருக்கு. அது கிடைக்காத இடத்துல எதில் ஆல்கஹாலே மருந்து" என்றார். மாமியார் என்னை ஏன் திரும்பிப் பார்த்தார் என்பது புரியவில்லை.

ரெண்டு ராத்திரி சமையலறை அடுப்புப் பக்கத்தில் மணியை வைத்துக்கொண்டு முழித்திருந்தோம். நல்லவேளை, ரெண்டு வாய்தான் நக்கியிருப்பான் போல. ரத்தப் பரிசோதனை சரியாக வந்தது. மாமியார் அந்த ரெண்டு நாளும் மகனிடம் பேசவில்லை. திட்டினால்கூடத் தாங்கியிருப்பான்.

மூன்றாம் நாள் சிங்காநல்லூர் மெக்கானிக் அண்ணனுக்கு போன் போட்டோம். மச்சினன் எடுத்தவுடன், "விஷமில்லாத கூலன்ட் இருக்குதாமே?" என்றான்.

"இருக்குதுங்க தம்பி. புரோபிலீன் கிளைக்கால். பலகாரத்துலகூடச் சேர்க்கறாங்க. நாய் நக்கினா அவ்வளவு பயமில்லீங்க. ஆனா ரோட்டுல சிந்தினா இதுவும் அதே வழுக்கல்தானுங்க. டப்பாவுல பாதுகாப்பானதுன்னு எழுதியிருப்பான். யாருக்குப் பாதுகாப்புன்னு எழுதமாட்டான்."

தண்ணீரில் ஒரு மூடியளவு சேர்க்கிற மருந்து கிடைக்கிறதே, அது? அது துருப் பிடிக்காமல் காக்கும், சூட்டை நன்றாக இழுக்கும். ட்ராக்குக்கு நல்லது, ஆனால் உறைவதைத் தடுக்காது. ஆல்கஹால்? விதியில் இடமிருக்கிறது, ஆனால் சீக்கிரம் ஆவியாகும், தீப்பிடிக்கும், வீட்டு போர்டிகோவுக்கு ஆகாது. எப்படியும் பேட்டரிக் கடையில் விற்கிற டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும், குழாய்த் தண்ணீர் உப்புப் படியும் என்றார்.

"அப்ப ஊட்டிக் குளிருக்கு என்னதாண்ணா பண்றது?"

"வீட்டுக்கு வந்ததும் இறக்கி வெச்சுடுங்க. ஒன்றரை லிட்டர்கூட வராது. இல்லாத தண்ணி எப்படிங்க உறையும்?"

இதற்கு ஏன் இத்தனை பாடுபட்டோம் என்று எனக்குச் சிரிப்பு. மச்சினன் சிரிக்கவில்லை. "அன்னிக்கு பச்சையோட ஓட்டியிருந்தா என்னண்ணா ஆகியிருக்கும்?" என்று கேட்டான்.

"நீங்க விழுந்து, ரேடியேட்டர் ஓட்டையாச்சுன்னா, நீங்க எந்திரிச்சுப் போயிருவீங்க தம்பி. பின்னால வர்றவன்தான் அது மேல ஏறுவான். அவன் யாருன்னே உங்களுக்குத் தெரியாது."

போனை வைத்துவிட்டு நேரே போர்டிகோவுக்குப் போனான். கேனில் மிச்சமிருந்ததை இறுக மூடி, ஸ்கூட்டர் மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டு வந்தான். ரேடியேட்டரின் கீழ்க் குழாயைக் கழற்றி, பம்பின் அடியிலிருக்கும் போல்ட்டையும் திறந்து, கடைசிச் சொட்டு வரை இறக்கினான். நான் அடியில் பேசின் பிடித்தேன். இம்முறை ஒரு சொட்டு சிந்தவில்லை.

ஒரே ஒரு சிக்கல். தண்ணீரில்லை என்பதை மறந்து யாராவது ஸ்டார்ட் பண்ணிவிட்டால், உறைபனி செய்யாததைச் சூடு செய்துவிடும். அதனால் என் பழைய லெட்ஜர் அட்டையில் பெரிதாக 'தண்ணீர் இல்லை' என்று எழுதி ஹேண்டில்பாரில் தொங்கவிட்டோம்.

மறுநாள் காலை கேட்டுக்கு வெளியே பக்கத்து வீட்டம்மா, கையில் காலிக் குடத்தோடு அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உங்க வீட்லயும் வரலீங்களா?"